பழைய பேப்பர் கடையில் ஒரு தொலைபேசிக்காரரின் அலமாரி: எதை எடுப்பது, எதை விடுவது?

நொய்யல்கரை | சனி, காலை 8.12

கோவை உக்கடம் பக்கம் நான் அடிக்கடி எட்டிப் பார்க்கும் பழைய பேப்பர் கடைக்கு ஒரு வீட்டின் புத்தகங்கள் மொத்தமாக வந்து இறங்கியிருக்கின்றன. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடையவை. அவர் காலமாகிவிட்டாராம், பிள்ளைகள் வீட்டை விற்கிறார்கள். திங்கட்கிழமை லாரி ஏறிவிடும், அதற்குள் வேண்டியதைப் பொறுக்கிக்கொள், எடை போட்டுக் காசு கொடு என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்ததில் கண்ணில் பட்டவை: அட்கின்சன் எழுதிய தொலைபேசி நூல், இரண்டு தடிமனான தொகுதிகள். கெர்னிஹான், ரிச்சி எழுதிய சி மொழிப் புத்தகம். கனூத் நிரலாக்கக் கலை பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதியும் மூன்றாம் தொகுதியும், நடுவில் இரண்டாவது இல்லை. விஸ்வநாதனின் டெலிகம்யூனிகேஷன் ஸ்விட்சிங் பாடநூல். சிவப்பு அட்டை போட்ட சிசிஐடிடி தொகுதிகள் (உலகத் தொலைபேசிப் பரிந்துரை நூல்கள்). டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டேட்டா புக்குகள், அதாவது சில்லுகளின் விவரக் கையேடுகள். கணினி இதழ்களில் பைட் ஒரு கட்டு, பிசி குவெஸ்ட் ஒரு கட்டு. சென்னைத் தொலைபேசி டைரக்டரிகள், அட்டையில் மெட்ராஸ் என்றே இருக்கிறது. ரேடியோ ரிப்பேர் பற்றித் தமிழில் இரண்டு மூன்று மெலிந்த புத்தகங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில், நூல் போட்டுக் கட்டிய சைக்ளோஸ்டைல் தாள்கள் (மெழுகுத்தாள் அச்சில் நகலெடுத்தவை), ஒரு முழம் உயரத்துக்கு.

எங்களுடையது இரண்டு அறை வீடு. மனைவி அனுமதித்திருப்பது ஒரே ஒரு அலமாரித் தட்டு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எண்பத்தாறு | சனி, காலை 8.40

சொல்வது கசக்கும், பரவாயில்லை. ஒன்றையும் எடுக்காதீர்கள்.

டேட்டா புக்குகள், பழைய கணினிக் கையேடுகள் எல்லாம் பிட்சேவர்ஸ் தளத்தில் குவிந்து கிடக்கின்றன. பைட் இதழ் 1975 செப்டம்பர் முதல் இதழிலிருந்தே ஆர்க்கைவ் தளத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. தகவல் கோட்பாட்டுக்கே அடித்தளமான ஷானனின் கட்டுரை வெளிவந்த பெல் சிஸ்டம் டெக்னிகல் ஜர்னல், 1922 முதல் 1983 வரை, உங்கள் கைப்பேசியிலேயே திறக்கும். எழுத்தைத் தேடலாம், பெரிதாக்கலாம், பூச்சி அரிக்காது. இதற்கு மேல் என்ன வேண்டும்? தட்டில் வேறு எதையாவது வையுங்கள், வீட்டில் நிம்மதியாவது இருக்கும்.

கிராஸ்பார் | சனி, காலை 10.05

எண்பத்தாறு தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நொய்யல்கரை, நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுங்கள். அந்த சைக்ளோஸ்டைல் கட்டு. ஒரு தாள்கூட விடாமல்.

காரணம் இதுதான். நான் துறையில் சேர்ந்தபோது பாதி ஊர்களில் ஸ்ட்ரௌஜர் நிலையங்கள்தாம், படிப்படியாக ஏறி இணைக்கும் தானியங்கித் தொலைபேசி நிலையங்கள். 1891-ல் அமெரிக்காவில், கன்சாஸ் நகரத்தில் சவ அடக்கத் தொழில் செய்த ஒருவர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. நீங்கள் ஐந்து சுழற்றினால் ஐந்து துடிப்புகள் வரும். இணைப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரின் தண்டு டக் டக் என்று ஐந்து படி ஏறும். பிறகு தானாகவே பக்கவாட்டில் திரும்பி, காலியாக இருக்கும் தொடுமுனையைத் தேடிப் பிடிக்கும். கடைசி இரண்டு எண்களுக்கு மட்டும் ஒன்றுக்கு ஏறும், மற்றதற்குத் திரும்பும். கண்ணால் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கக்கூடிய இயந்திரம். அட்கின்சன் 1948-லும் 1950-லும் எழுதிய இரண்டு தொகுதிகள் இதற்கு வேதம். முதல் தொகுதி அடிப்படைகளும் ஆள் இயக்கும் நிலையங்களும், இரண்டாவது தானியங்கி நிலையங்கள். பெங்களூரில் 1948-ல் ஐடிஐ என்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கியபோது பிரிட்டிஷ் நிறுவனத்தின் நுட்பத்தைத்தான் வாங்கினார்கள். ஆகவே பிரிட்டிஷ் தபால் துறைக்காக எழுதிய அட்கின்சன் நமக்கும் அப்படியே பொருந்தியது.

அதற்கடுத்து வந்தது கிராஸ்பார், குறுக்கும் நெடுக்குமான கம்பிகளால் இணைக்கும் நிலையம். 1960-களின் நடுவில் பெல்ஜியத்திலிருந்து பென்டகான்டா என்ற கிராஸ்பார் நுட்பத்தை வாங்கினோம். அங்கேதான் வம்பு. ஐரோப்பாவில் ஓர் இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு போகும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்த இயந்திரம் அது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு தொலைபேசி. மளிகைக் கடைக்காரர் கருவியில் தெருவே பேசும். அழைப்பு கிடைக்காவிட்டால் விடாமல் மறுபடி மறுபடி சுழற்றுவோம். நிலையம் திணறிப்போனது. பிறகு நம் பொறியாளர்கள் உட்கார்ந்து அதை நம் நெரிசலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். இந்தியன் கிராஸ்பார் என்று பெயரானது.

அந்த மாற்றங்களை எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் தேடாதீர்கள். பயிற்சி மையங்களில் வகுப்புக்குக் கொடுத்த சைக்ளோஸ்டைல் தாள்களிலும், நிலையத்துக்கு நிலையம் அனுப்பிய சுற்றறிக்கைகளிலும்தான் அவை இருந்தன. ஜபல்பூரிலும் மீனம்பாக்கத்திலும் பயிற்சிக்குப் போனவர்கள் டிரங்குப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த தாள்கள். நிலையங்கள் மின்னணுவுக்கு மாறியபோது அலுவலகப் பிரதிகள் எல்லாம் பழைய இரும்போடு ஏலத்தில் போயின. தனியார் வீடுகளில் தங்கியவைதாம் மிச்சம். கனூத்தை உலகம் பார்த்துக்கொள்ளும். இதை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எண்பத்தாறு | சனி, காலை 10.31

ஐயா, மரியாதையுடன் கேட்கிறேன். யாருக்காக? கடைசி ஸ்ட்ரௌஜர் நிலையம் மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் பழுது பார்க்கப்போவதில்லை. முக்கியமான ஆவணம் என்றால் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டுத் தாளைக் கடையிலேயே திருப்பிப் போடலாமே?

கிராஸ்பார் | சனி, காலை 10.44

முதலில் ஸ்கேன் செய்யட்டும் தம்பி. திங்கட்கிழமை லாரி வருகிறது. மை மங்கிய சைக்ளோஸ்டைல் தாளை ஸ்கேனரில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் முயற்சியில் பாதி எழுத்து விழாது. திருப்பிப் போட்டுவிட்டால் இரண்டாவது முயற்சிக்கு எங்கே போவது?

அல்லிக்குளம் | சனி, பகல் 12.20

எல்லாரும் ஏதோ தியாகம் செய்வதுபோல் பேசுகிறீர்கள். புத்தகம் சேர்ப்பது ஆசைக்காகவும்தான். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

சென்னையின் பழைய புத்தகச் சந்தையான மூர் மார்க்கெட் 1985 மே 30-ஆம் தேதி எரிந்ததற்குப் பிறகு பிறந்த தலைமுறைக்கு அது என்னவென்று புரியவைப்பது கடினம். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தில் காகிதத்தில் அச்சான எதுவும் கிடைக்கும் என்பார்கள். தப்பித்த கடைக்காரர்கள்தாம் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். என் புனைபெயருக்கும் அதுவே காரணம். அவர்களிடம் பழகியதில் கற்றதைச் சொல்கிறேன்.

கெர்னிஹான், ரிச்சி: எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1988-ன் இரண்டாம் பதிப்பு என்றால் அட்டையிலேயே ஆன்சி சி என்று இருக்கும். பொறியியல் கல்லூரி வாசலில் எல்லாம் கிடைக்கும், விட்டுவிடலாம். 1978-ன் முதல் பதிப்பு என்றால் கதை வேறு. உள்ளே திறந்ததும் தெரிந்துவிடும். ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் வெறும் பெயர்கள் மட்டும் நிற்கும்; அவை இன்ட்டா, சாரா (எண்ணா, எழுத்தா) என்பது கீழே தனி வரியில் வரும். இன்றைய மாணவன் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைப்பான். 228 பக்கத்தில் ஒரு மொழியையே சொல்லி முடித்த புத்தகம். பிரென்டிஸ் ஹால் இந்தியாவின் மலிவுப் பதிப்பாக இருந்தாலும் எடுங்கள். மலிவுப் பதிப்பு என்பதால் மதிப்புக் குறைவு என்று சொல்லும் சேகரிப்பாளர்களை நான் மதிப்பதில்லை. இந்தியாவில் கணினி படித்த ஒரு தலைமுறையே அந்தச் சன்னமான தாளில்தான் படித்தது.

கனூத்: முதல் தொகுதி 1968, இரண்டாவது 1969, மூன்றாவது 1973. உங்களுடையது எந்தப் பதிப்பு, அதில் எத்தனையாவது அச்சு என்று உரிமைப் பக்கத்தில் பாருங்கள். எண்கள் வரிசையாக இருக்கும், அவற்றில் மிகச் சிறியதுதான் அச்சின் எண். கனூத் விஷயத்தில் அது வெறும் பெருமைக்காக அல்ல. பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு அவர் 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். ஒவ்வொரு அச்சிலும் திருத்தம் ஏறும். ஆகவே படிப்பதற்குப் பிந்தைய அச்சு, சேர்ப்பதற்கு முந்தைய அச்சு. இரண்டாம் தொகுதி இல்லை என்று வருந்தாதீர்கள். அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

டேட்டா புக்குகளை நான் எடுக்கமாட்டேன். கனம் அதிகம், தேவை குறைவு. பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் இயக்குதளக் குறுந்தட்டு அப்படியே இருந்தால் மட்டும் எடுங்கள். அந்தக் காலத்தில் இணையத்தில் லினக்ஸை இறக்குவது நடக்கிற காரியமா? அந்தத் தட்டுகள் வழியாகத்தான் பலர் வீட்டுக்குள் அது நுழைந்தது. தட்டில்லாத இதழ் வெறும் விளம்பரக் கட்டு.

நொய்யல்கரை | சனி, இரவு 7.50

மதியம் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்; நான் எடை போடும் அளவுக்கு ஏதாவது எடுப்பேனா என்ற கவலை அவருக்கு.

சைக்ளோஸ்டைல் கட்டுகளை எடுத்துவிட்டேன். கிராஸ்பார் ஐயா சொன்னது போலவே ஸ்ட்ரௌஜர் பராமரிப்பு, கிராஸ்பார் பயிற்சிக் குறிப்புகள் இரண்டும் இருக்கின்றன. ஓரங்களில் பென்சிலில் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், நடுவில் திடீரென்று தமிழ். ஒரு பக்கத்தில் செலக்டர் படத்துக்குக் கீழே: "மழை விட்ட மறுநாள் பேங்க் துடைக்காமல் பழுது தேடாதே. இரண்டு நாள் வீண்." (பேங்க் என்பது தொடுமுனை வரிசை.) இன்னொரு பக்கத்தில் ஒரு ரிலேயைச் சுற்றி வட்டம் போட்டு, "அச்சில் தவறு. நம் நிலையத்தில் இது இல்லை" என்று இருக்கிறது.

சி புத்தகம் இரண்டாம் பதிப்பு. விட்டுவிட்டேன். பிசி குவெஸ்டில் ஒன்றில்கூடத் தட்டு இல்லை.

இப்போது ஒரு குழப்பம். சிவப்பு அட்டை சிசிஐடிடி தொகுதிகளில் பலவற்றில் 1984 என்று இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் மிகப் பழையதாக, வேறு மாதிரி அச்சில் இருக்கிறது. அதில் நியூ டெல்லி, 1960 என்று போட்டிருக்கிறது. இரண்டும் ரெட் புக் என்கின்றன. எது சரி?

கிராஸ்பார் | சனி, இரவு 8.15

இரண்டும் சரி. டெல்லி என்று போட்டதைக் கீழே வைக்காதீர்கள்!

ஒரு நாட்டின் தொலைபேசி இன்னொரு நாட்டோடு பேச வேண்டுமானால் மின்னழுத்தம், சைகை, எண் முறை எல்லாவற்றிலும் உடன்பாடு வேண்டும். அதைப் பேசி முடிக்கும் உலகக் குழு சிசிஐடிடி. இன்று ஐடியு-டி என்கிறார்கள். அதன் பொதுப்பேரவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும். முடிவான பரிந்துரைகள் அனைத்தையும் தொகுத்து ஒரே நிறத்தில் அட்டை போட்டு வெளியிடுவார்கள். 1960 சிவப்பு, 1964 நீலம், 1968 வெள்ளை, 1972 பச்சை, 1976 ஆரஞ்சு, 1980 மஞ்சள். அதோடு வண்ணம் தீர்ந்ததோ என்னவோ, 1984-ல் மறுபடி சிவப்பு, 1988-ல் மறுபடி நீலம். ஆகவே ரெட் புக் என்று மட்டும் சொன்னால் எங்கள் அலுவலகத்திலேயே எந்தச் சிவப்பு என்று கேட்பார்கள்.

1960-ன் பேரவை நடந்தது புது டெல்லியில். நேரு காலம். எஸ்டிடி, அதாவது வெளியூருக்கு நேரடியாகச் சுழற்றும் வசதி, லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையில் முதன்முதலாக வந்ததும் அதே ஆண்டுதான். இந்தியாவில் ஊர் விட்டு ஊர் நேராகச் சுழற்றிப் பேசும் வசதி ஒரே ஒரு தடத்தில் இருந்தபோது, கண்டங்களுக்கு இடையில் சுழற்றிப் பேசுவது எப்படி என்று டெல்லியில் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள்.

மற்றத் தொகுதிகளில் நிறத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். கணினித் தரவை அனுப்பும் எக்ஸ்.25 முறை முதலில் வந்தது ஆரஞ்சில். நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏழாம் எண் சைகை முறை மஞ்சளில். உங்கள் 1984 சிவப்பில் ஆறாம் தொகுதியின் ஏழாம் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். ஏழாம் எண் சைகை முறை அங்கேதான். நம் குறுஞ்செய்தி ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு வழி கண்டுபிடித்துப் போனது வெகுகாலம் அந்த முறையின் முதுகில்தான்.

1988-ன் நீலத்தோடு அந்த வழக்கமே முடிந்தது. சுமார் 20,000 பக்கம். அதற்குப் பிறகு பரிந்துரைகளைத் தனித்தனியாக வெளியிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எண்பத்தாறு | சனி, இரவு 8.37

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த வண்ணப் புத்தகங்களை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் நூலகமே ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது, டெல்லிச் சிவப்பு உட்பட. ஐயாவின் அளவுகோலின்படியே பார்த்தால் அதை விட்டுவிட வேண்டும் அல்லவா?

கிராஸ்பார் | சனி, இரவு 8.41

அளவுகோல் அளவுகோலாக இருக்கட்டும். டெல்லியை எடுங்கள்.

அல்லிக்குளம் | சனி, இரவு 8.43

நான் சொன்ன ஆசை இதுதான். வாழ்க.

வெள்ளவத்தை | சனி, இரவு 10.10

கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையில் பாவித்த புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. நான் அங்கே தேடிக்கொண்டே இருப்பது ஒரே ஒரு சஞ்சிகை: வயர்லெஸ் வேர்ல்ட், 1945 ஒக்ரோபர். பூமியோடு சேர்ந்து சுழலும் மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் எழுதிய கட்டுரை அதில்தான் வந்தது. 1956-ல் இலங்கைக்கு வந்தவர், 2008-ல் கொழும்பிலேயே காலமானார். இந்தத் தீவில் எங்கேயாவது ஒரு பிரதி இருக்காதா என்ற நப்பாசைதான். கட்டுரையை இணையத்தில் வாசித்தாயிற்று; அது வேறு விடயம்.

கிராஸ்பார் ஐயா சொன்னதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. சுயமொழிக் கல்வி வந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தது. மின்னியல், பௌதிகம், கணிதம் எல்லாம். மொழிபெயர்த்தவர்கள் அந்தந்தத் துறை படித்தவர்கள். இங்கிலாந்தில் அச்சான மூலநூல் உலகம் முழுவதும் கிடைக்கிறது. எங்கள் தமிழ்ப் பதிப்பைக் கண்டுபிடிக்க நாய்படாத பாடு. நூலகம் என்ற இணையதளத்தார் 2005-லிருந்து ஈழத்து ஆவணங்களை மின்வருடி ஏற்றிக்கொண்டிருப்பதால் சில தப்பித்தன. ஆகவே நொய்யல்கரை, அந்தத் தமிழ் ரேடியோ புத்தகங்களை விட்டுவிடாதீர்கள். அவற்றைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, காலை 6.30

வெள்ளவத்தை நண்பரின் வருத்தம் நியாயமானது. தமிழ்நாட்டிலும் கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவர 1960-களிலும் 70-களிலும் அரசு நூற்றுக்கணக்கில் நூல்கள் வெளியிட்டது. விற்காமல் கிடந்து எடைக்குப் போனவை ஏராளம். ரேடியோ ரிப்பேர் புத்தகங்களுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை. எந்தக் கல்லூரி நூலகமும் அவற்றை வாங்கியதில்லை. ஐடிஐ தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்த பையன்களும், கடை வைத்திருந்த மெக்கானிக்குகளும் சாலிடரிங் மேசையில் வைத்துப் புரட்டிக் கிழித்துத் தீர்த்தார்கள். நன்றாகப் பயன்பட்ட நூல் நூலகத்துக்கு வந்து சேராது. எடுங்கள்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் சில விஷயங்கள்.

ஒவ்வொரு நூலையும் கடையிலேயே முதுகைப் பிடித்துத் தரையில் மெல்லத் தட்டுங்கள். மாவு போல் தூள் கொட்டினால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். அப்படிப்பட்டதை உங்கள் மற்றப் புத்தகங்களோடு ஒரு இரவுகூடச் சேர்த்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத நெகிழிப் பையில் போட்டு, குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு வாரம் வையுங்கள். வீட்டில் இதற்கு அனுமதி வாங்குவது அலமாரித் தட்டுக்கு வாங்குவதைவிடக் கடினம் என்பது தெரியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். உடனே திறந்தால் தாளில் ஈரம் கோக்கும்.

இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பது பழைய வழக்கம், தீங்கில்லை. பாச்சை உருண்டையைத் தாளோடு ஒட்டிப் போடாதீர்கள். வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். அந்தக் காலத்து மலிவுத் தாள் அமிலம் மிகுந்தது, வெயில் பட்டால் அப்பளமாக நொறுங்கும். கிளிப்பும் பின்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள், துரு தாளைத் தின்னும். ரப்பர் பேண்டு கூடவே கூடாது.

அடுத்தது சட்டம். எண்பத்தாறு போகிறபோக்கில் ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னார். தனி ஆசிரியர் எழுதிய நூலுக்கு நம் நாட்டில் அவர் காலமாகி 60 ஆண்டு வரை உரிமை உண்டு. அரசு வெளியீட்டுக்கு, வெளிவந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டு. ஆகவே துறைக் குறிப்புகளில் தேதி இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டிலும் பாருங்கள். 60-களின் தொடக்கத்தில் வந்தவற்றை ஏற்றலாம். பிந்தையவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். உங்களால் வைத்துக்கொள்ள முடியாத தமிழ் நூல்களை, தூக்கிப் போடுவதற்கு முன், தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பழந்தட்டு | ஞாயிறு, காலை 7.15

கணினிப் புத்தகங்களின் பின்னட்டை உறையில் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிராஸ் பாசா வளாகத்துக் கடைகளில் நான் புத்தகத்தை விட அதற்காகத்தான் புரட்டுவேன். நம் தட்பவெப்பத்தில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள். தட்டும் போகும், டிரைவின் தலையும் போகும். வெளிச்சத்தில் ஃபிளாப்பி உறையின் திறப்பு வழியாகத் திருப்பிப் பார்த்தாலே வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 9.00

ஏட்டுச்சுவடி அம்மா, மிக்க நன்றி. குளிர்பெட்டி விஷயத்தை இன்று மாலை மெதுவாக எடுத்துவிடுகிறேன்.

தொலைபேசி டைரக்டரிகள் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. கனமோ கனம்.

எண்பத்தாறு | ஞாயிறு, காலை 9.12

அவற்றையாவது விடுங்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பெயரும் வீட்டு முகவரியும். ஸ்கேன் செய்து பொதுவில் ஏற்றினால் அதைவிட மோசம்.

கிராஸ்பார் | ஞாயிறு, காலை 9.30

பெயர்ப் பட்டியலை ஏற்ற வேண்டாம், தம்பி சொல்வது சரி. ஆனால் ஒவ்வொரு டைரக்டரியிலும் முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். டிரங்கு கால் (வெளியூர் அழைப்பு) பதிவு செய்வது எப்படி, அவசர அழைப்புக்கு என்ன கட்டணம், எஸ்டிடி எந்தெந்த ஊர்களுக்கு உண்டு, குறியீட்டு எண் என்ன, எந்தப் பேட்டைக்கு எந்த நிலையம் என்று எல்லாம் இருக்கும். இரண்டு வருட டைரக்டரிகளை அருகருகே வைத்து அந்தப் பக்கங்களை மட்டும் ஒப்பிட்டால், இடையில் எந்த ஊர் எஸ்டிடிக்கு வந்தது என்பது தெரிந்துவிடும். முன்பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இடமில்லாதவருக்கு நான் சொல்லும் வழி அது. இடம் இருந்தால் முழுதாக வைத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

சி-டாட் கையேடு ஏதாவது கண்ணில் பட்டதா? 128 இணைப்பு கிராம நிலையம், ராக்ஸ் என்று போட்டிருக்கும். 1984-ல் 36 கோடி ரூபாயும் 36 மாதமும் கொடுத்து அரசு தொடங்கிய தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனம் சி-டாட். குளிர்சாதனம் இல்லாமல் நம் கிராமத்துப் புழுக்கத்தில் ஓட வேண்டும் என்று வடிவமைத்த பெட்டி அது. முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் வைத்தார்கள். விஸ்வநாதனின் 1992 பாடநூல் நல்ல நூல், ஆனால் இன்றும் அச்சில் கிடைப்பது. அதை விட்டுவிட்டு இதைத் தேடுங்கள்.

அல்லிக்குளம் | ஞாயிறு, காலை 10.02

எண்பத்தாறு இவ்வளவு பேசுகிறாரே, அவர் வீட்டில் ஒரு தாள்கூட இல்லையா என்று யாராவது கேளுங்கள்.

எண்பத்தாறு | ஞாயிறு, காலை 10.20

ஒன்று இருக்கிறது. லயன்ஸ் உரை, ஜெராக்ஸ்.

தெரியாதவர்களுக்கு: ஜான் லயன்ஸ் என்ற ஆஸ்திரேலியப் பேராசிரியர், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், யூனிக்ஸ் என்ற இயக்குதளத்தின் ஆறாம் பதிப்பு மூல நிரலை அப்படியே அச்சிட்டு, அதற்கு வரிக்கு வரி விளக்கம் எழுதி 1977-ல் மாணவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த பதிப்பின் உரிமத்தில், வகுப்பில் இதையெல்லாம் பாடமாக வைக்கக்கூடாது என்று விதி வந்துவிட்டது. அதன்பிறகு உலகம் முழுவதும் அது பரவியது நகலின் நகலாகத்தான். முறையாக அச்சில் வந்தது 1996-ல். என்னிடம் இருப்பது எத்தனையாவது தலைமுறை நகலோ, இடது ஓரத்து வரி எண்கள் சரிந்து சரிந்து சில பக்கங்களில் பாதிதான் தெரிகின்றன. 2238-ஆம் வரியில் உள்ள புகழ்பெற்ற குறிப்பு, இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை என்பது, அதற்குக் கீழே யாரோ ஒரு விடுதி மாணவர் சிவப்பு மையில் "நன்றி" என்று எழுதியிருக்கிறார்.

பிடிஎஃப் என்னிடம் இருக்கிறது, சுத்தமானது. படிப்பது அதில்தான். ஜெராக்ஸை எறியவில்லை. வாதத்துக்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அல்லிக்குளம் | ஞாயிறு, காலை 10.22

எடுத்துக்கொண்டாயிற்று.

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 5.45

கணக்கை முடித்துவிட்டேன். சைக்ளோஸ்டைல் கட்டுகள் முழுவதும். தமிழ் ரேடியோ புத்தகங்கள். ஒன்றின் முதுகிலிருந்து தூள் கொட்டியது, அது இப்போது பையில் கட்டி மொட்டை மாடி அறையில் தனியாக இருக்கிறது, குளிர்பெட்டிப் பேச்சுவார்த்தை தொடர்கிறது. அட்கின்சன் இரண்டு தொகுதிகளும், ஏனென்றால் சைக்ளோஸ்டைல் தாள்களில் "அட்கின்சன் பக்கம் இன்னது பார்" என்று அவர் பல இடங்களில் குறித்திருக்கிறார். பிரித்தால் இரண்டும் அர்த்தமிழக்கும். டெல்லிச் சிவப்பு. சி-டாட் கையேடு கட்டாக இல்லை. ராக்ஸ் நிறுவும் குறிப்புகள் கொஞ்சம், உதிரித் தாள்களாக, ஒரு டேட்டா புக்குக்குள் செருகியிருந்தன. அந்த டேட்டா புக்கை விட்டேன், தாள்களை எடுத்தேன். 1984 தொகுதிகளில் ஆறின் ஏழாம் பகுதி இல்லை, அந்த வரிசையை அப்படியே விட்டுவிட்டேன். டைரக்டரிகளின் முன்பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கனூத்தும் பைட்டும் இன்னும் அங்கேதான். தட்டு நிறைந்துவிட்டது.

அல்லிக்குளம் | ஞாயிறு, மாலை 5.58

கனூத்தை எனக்காக எடுத்து வையுங்கள், காசு அனுப்பிவிடுகிறேன். பஸ் பார்சல் வேண்டாம், மழை பெய்கிறது. இரண்டு நெகிழி உறை போட்டுத் தபாலில் அனுப்புங்கள்.

எண்பத்தாறு | ஞாயிறு, மாலை 6.04

பைட் கட்டில் 1981 ஆகஸ்ட் இருக்கிறதா? அட்டையில் பலூன் பறக்கும், ஸ்மால்டாக் நிரல்மொழிச் சிறப்பிதழ். சும்மா கேட்கிறேன்.

நொய்யல்கரை | ஞாயிறு, மாலை 6.40

கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். பலூன் இருக்கிறதாம். அட்டை மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கிறதாம். காலையில் லாரி வருவதற்கு முன் போய் அதையும் கனூத்தையும் வாங்கிவிடுகிறேன்.

கிராஸ்பார் | ஞாயிறு, இரவு 7.10

நொய்யல்கரை, சைக்ளோஸ்டைல் கட்டுகளின் நூலை நீங்களே அவிழ்க்காதீர்கள். பயிற்சி மையத்தில் பாட வரிசைப்படி கட்டியிருப்பார்கள். சில கட்டுகளில் பக்க எண்ணே இருக்காது, அவிழ்ந்தால் வரிசை போய்விடும். அடுத்த மாதம் ஒரு திருமணத்துக்குக் கோவை வருகிறேன். கூட இருந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, எண் போட்டு, படம் எடுத்துவிடலாம். அவருடைய சுருக்கெழுத்துகளில் பாதியை என்னால் படித்துவிட முடியும் என்று நினைக்கிறேன். எந்த நிலையத்தில் இருந்தார் என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.